லண்டனிலிருந்து ஒருநாள் பயணம்: மூன்று ஊரா, ஒரே ஊரா?

கேள்வி | 11 ஏப்ரல் 2025

ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். கார் கிடையாது. மே மாதம் ஊரிலிருந்து மாமனார், மாமியார் வருகிறார்கள். எங்களுக்கு ஒன்பது வயதில் ஒரு பெண். விண்ட்சர், ஸ்டோன்ஹெஞ்ச், பாத் மூன்றையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டும் கோச் டூர் ஒன்று பார்த்தேன். போட்டுவிடலாமா? அல்லது ரயிலில் நாமே போய்வருகிற மாதிரி ஊர்கள் இருக்கிறதா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் | 12 ஏப்ரல், காலை

போடாதீர்கள். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் இதே மூன்று ஊர்களை இதே மாதிரி ஒரு டூரில்தான் பார்த்தேன். பார்த்தேன் என்பதே பெரிய வார்த்தை. காலை ஏழே முக்காலுக்கு ஏறி இரவு எட்டரைக்கு இறங்கினோம். பாதி நேரம் சீட்டில். பாத்தில் கிடைத்தது ஒன்றேகால் மணி நேரம். அதில் ரோமானியக் குளியல் கூடத்தின் வரிசையிலேயே அரை மணி போய்விட்டது. உள்ளே போய் அந்தப் பச்சைத் தண்ணீரிலிருந்து ஆவி எழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே போனில் அலாரம் அடித்தது, பஸ்ஸுக்குத் திரும்பச் சொல்லி.

ஒரு நாளுக்கு ஒரு ஊர், அதுவும் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் என்று அப்புறம் முடிவு செய்துகொண்டேன். ஒன்பது வருடமாக அப்படித்தான் போகிறேன். ஊருக்குள் போய் இறங்கி, ஒரு தேநீர் குடித்து, எந்தத் தெரு எந்தப் பக்கம் போகிறது என்று பிடிபட ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்கு மேல்தான் ஊரே கண்ணில் படும்.

கார் தேவையில்லை. ரயில்வே கார்டு ஒன்று வாங்கிவிடுங்கள். நெட்வொர்க் ரயில்கார்டு வருடத்துக்கு 35 பவுண்டு, பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும், குழந்தைகளுக்கு 60 சதவீதம். ஐந்து பேர் கிளம்பினால் இரண்டு மூன்று பயணத்திலேயே போட்ட காசு வந்துவிடும்.

12 ஏப்ரல், இரவு

ஸ்டோன்ஹெஞ்ச் பார்த்தே ஆகவேண்டும் என்றால் அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். வாட்டர்லூவிலிருந்து சாலிஸ்பரிக்கு ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷன் வாசலிலிருந்தே ஸ்டோன்ஹெஞ்சுக்கு டூர் பஸ் உண்டு. காலையில் கற்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் மதியத்துக்குச் சாலிஸ்பரி தேவாலயம். அதன் கூர்கோபுரம் 123 மீட்டர், பிரிட்டனில் அதைவிட உயரமான தேவாலயக் கூர்கோபுரம் கிடையாது. 1215ஆம் ஆண்டு உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் மிஞ்சிய நான்கு பிரதிகளில் ஒன்று உள்ளே இருக்கிறது. முகப்பே இல்லாத ஒரு கடிகாரமும் இருக்கிறது, 1386 காலத்தது என்கிறார்கள். முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது. மணி அடிக்க மட்டும் செய்த இயந்திரம். மாக்னா கார்ட்டாவைவிட எனக்கு அதுதான் பிடித்தது.

13 ஏப்ரல்

ரயில்கார்டு பற்றி எழுதியதில் திருத்தம். நெட்வொர்க் கார்டு தென்கிழக்குப் பகுதிக்கு மட்டும்தான். பாத் வரை செல்லாது. வார நாளில் காலை பத்துக்கு மேல்தான் எடுபடும், அதற்கும் குறைந்தபட்சக் கட்டணம் 13 பவுண்டு என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. சனி, ஞாயிறில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கேட்டவர் வீட்டில் நான்கு பெரியவர்கள், ஒரு குழந்தை. அவர்களுக்கு ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் கார்டுதான் பொருத்தம். நான்கு பெரியவர், நான்கு குழந்தைகள் வரை ஒரே கார்டில் போகலாம், நாடு முழுக்கச் செல்லும். ஆனால் குழந்தை கூடவே வரவேண்டும். மாமனார் மாமியாரை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினால் இந்தக் கார்டு உதவாது. அப்போது மூன்று பேரோ அதற்கு மேலோ ஒன்றாகப் போகிறவர்களுக்கான குரூப்சேவ் சலுகையைப் பாருங்கள், பல ரயில்களில் உண்டு, கார்டே வேண்டாம்.

இன்னொன்று. குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் அட்வான்ஸ் டிக்கெட் மலிவாகத் தெரியும். போகும்போது சரி, திரும்புவதற்கு அதை வாங்காதீர்கள். கடற்கரையில் வெயில் நன்றாக அடிக்கும்போது மணியைப் பார்த்துப் பார்த்து எழுந்து வருவது மனசுக்கு ஆகாது. ஆஃப்-பீக் டே ரிட்டர்ன் வாங்கினால் நெரிசல் நேரம் தவிர எந்த ரயிலிலும் வரலாம்.

14 ஏப்ரல்

"சரி, முதல் ஊர் எது?" என்று கேட்டிருக்கிறார். என் பதில் ரை.

ஈஸ்ட் ஹாமிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்ட் போய்விடுங்கள். ஸ்ட்ராட்ஃபோர்ட் இன்டர்நேஷனலில் ஹைஸ்பீட் ரயில் ஏறினால் ஆஷ்ஃபோர்டுக்கு அரை மணிதான். அங்கே மாறி, சதுப்பு நிலத்தின் நடுவே ஆடு மேய்கிற வயல்களைப் பார்த்துக்கொண்டே போகும் சின்ன ரயில். அது மணிக்கு ஒன்றுதான் ஓடும், இணைப்பைத் தவறவிடாதீர்கள். டிக்கெட் எடுக்கும்போது ஹைஸ்பீடுக்குச் செல்லுமா என்று பார்த்து எடுக்க வேண்டும். மலிவான டிக்கெட் அதில் செல்லாது.

ரை ஒரு குன்றின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். ஒரு காலத்தில் மூன்று பக்கமும் கடல். 1287ஆம் ஆண்டுப் பெரும்புயலில் ராதர் ஆறு தடம் மாறி இந்த ஊர்ப்பக்கம் வந்தது. பிறகு வண்டல் படிந்து படிந்து கடல் விலகிக்கொண்டே போய், இப்போது மூன்று கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. மெர்மெய்ட் தெருவின் உருளைக்கற்கள் மேல் நடந்து பாருங்கள். வீடுகளுக்கு எண் போதாதென்று பெயர்கள்: ஒன்று "இரண்டு வாசற்கதவு உள்ள வீடு", இன்னொன்று "எதிர்வீடு". பெண் குழந்தைக்கு இது பிடிக்கும். ஒவ்வொரு பெயராகத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

மேலே புனித மேரி தேவாலயம். வெளியே கடிகாரம், உள்ளே நடுக்கூடத்தின் கூரையிலிருந்து அதன் பெண்டுலம் தொங்குகிறது. கடிகாரம் 1560களில் செய்தது. தலைக்கு மேல் அந்த நீண்ட தண்டு மெதுவாகப் போய், ஒரு கணம் நின்று, திரும்பி வருகிறது. யாரும் பேசாத நேரத்தில் போய் உட்கார்ந்தால் மேலிருந்து "டொக்" என்ற சத்தம் கேட்கும். நான் அந்த பெஞ்சில் இருபது நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன்.

14 ஏப்ரல், சற்று நேரம் கழித்து

மாமியாருக்கு முட்டி வலி இருந்தால் மெர்மெய்ட் தெருவில் இறக்கிக் கூட்டிவர வேண்டாம். மழை பெய்தால் அந்தக் கல் வழுக்கும். பக்கத்துத் தெருவில் சாதாரண நடைபாதை இருக்கிறது. தேவாலயக் கோபுரத்தின் படிக்கட்டும் மிகக் குறுகல், பெரியவர்கள் கீழேயே இருக்கட்டும்.

27 ஏப்ரல்

சாப்பாடு பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், சைவம். முக்கியமான விஷயம், நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். சிப்ஸ் உருளைக்கிழங்குதானே என்று வாங்கிவிடாதீர்கள். சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் அதுதான் வழக்கம், தெற்கே பெரும்பாலும் தாவர எண்ணெய். எங்கே ஆனாலும் கேட்டுவிட்டு வாங்குங்கள், தயங்காமல் சொல்வார்கள். தாவர எண்ணெய்தான் என்றாலும் மீனும் சிப்ஸும் ஒரே சட்டியிலா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் கட்டுச்சோறுதான். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், பிளாஸ்கில் தேநீர். கடற்கரையில் சாப்பிடும்போது கடற்காகத்தை மட்டும் கவனியுங்கள். ஹேஸ்டிங்ஸில் என் மனைவி கையிலிருந்த வடையைப் பின்னாலிருந்து வந்து தூக்கிக்கொண்டு போனது. சுவரை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தால் பக்கத்தில் வராது.

5 மே

வங்கி விடுமுறை. நான்கு பேர் செவன் சிஸ்டர்ஸ் என்கிற கடலோரச் சுண்ணாம்பு மலைகளில் நடந்துவிட்டு வந்தோம். கால் இரண்டும் கனக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

விக்டோரியாவில் ஏறி லூயிஸில் மாறி சீஃபோர்டில் இறங்கினோம். அங்கிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 22 கிலோமீட்டர். இந்தத் திசையில்தான் நடக்க வேண்டும், ஏனென்றால் இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும், முதுகில் தள்ளிக்கொண்டே இருக்கும். சீஃபோர்ட் ஹெட் ஏறி இறங்கினால், கடலோரக் காவலர் குடிசைகளும் அவற்றுக்குப் பின்னால் ஏழு வெள்ளை மலைகளும் வரிசையாக. காலண்டரில் பார்த்திருப்பீர்கள்.

அங்கே ஒரு சிக்கல். குடிசைகளுக்கும் முதல் மலைக்கும் நடுவே கக்மியர் ஆறு. கண்ணுக்கு எதிரே இருக்கிறதே என்று கடக்கப் பார்க்கக் கூடாது. முகத்துவாரத்தில் பாலம் இல்லை, நீரோட்டம் வலுவானது. உள்ளே எக்சீட் பாலம் வரை நடந்து சுற்றி வர வேண்டும். அதற்கே முக்கால் மணி நேரம்.

மலையின் சுண்ணாம்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சிலேட்டில் எழுதுகிற கட்டி மாதிரியே விரலில் ஒட்டுகிறது. உள்ளே கறுப்பாக, கண்ணாடி உடைந்தாற்போல் சிக்கிமுக்கிக் கற்கள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கின்றன. இந்த வெள்ளை முழுவதும் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் கடலடியில் படிந்த நுண்ணுயிர்களின் ஓடு. கடல் இட்டதைக் கடலே திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. பெல் டூட் கலங்கரை விளக்கத்தை விளிம்பு நெருங்கிவிட்டதென்று 1999இல் கட்டடத்தோடு அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். அதனால்தான் சொல்கிறேன், போட்டோவுக்காக விளிம்புக்குப் போகாதீர்கள். மேலே புல், அடியில் குடைந்து வெறும் காற்றாகவும் இருக்கலாம். இன்றைக்கும் ஒரு குடும்பம் சின்னப் பையனை விளிம்பில் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டுச் சொன்னோம், நகர்ந்துவிட்டார்கள்.

6 மே

எழுத விட்டுப்போனது: போன வருடம் வேறொருவருக்கு இந்த நடை ஐந்து மணி நேரம் என்று சொல்லியிருந்தேன். தவறு. நேற்று ஏழரை மணி நேரம் ஆனது, சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து. ஏழு மலை என்றால் ஏழு ஏற்றம், ஏழு இறக்கம், அதற்கு மேல் 162 மீட்டர் பீச்சி ஹெட். மழை பெய்த மறுநாள் சுண்ணாம்புப் பாதை சோப்பு மாதிரி. பெரியவர்களுக்கு இது கண்டிப்பாக வேண்டாம். அவர்களுக்கு ஈஸ்ட்போர்னிலிருந்தோ பிரைட்டனிலிருந்தோ 12ஆம் எண் பஸ்ஸில் எக்சீட் வந்து, ஆற்றோரச் சமதளத்தில் கடல் வரை நடந்தால் போதும். மலைகளைக் கீழிருந்து பார்க்கலாம். பஸ் டிக்கெட் ஒரு பயணத்துக்கு அதிகபட்சம் 3 பவுண்டு, இப்போது இங்கிலாந்து முழுக்க அந்த உச்சவரம்பு இருக்கிறது. 2024 கடைசி வரை 2 பவுண்டாக இருந்தது.

18 மே

ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது பற்றி. இன்று விட்ஸ்டபிள் போனோம். அங்கே "தி ஸ்ட்ரீட்" என்று கடலுக்குள் நீளும் கூழாங்கல் திட்டு உண்டு. கடல் வற்றும்போது அதன் மேல் நடந்து போகலாம், இரண்டு பக்கமும் தண்ணீர். நாங்கள் போனபோது கடல் நிறைந்து கிடந்தது. திட்டு இருந்த இடமே தெரியவில்லை. ஒரு நிமிடம் ஓத அட்டவணையைப் பார்த்திருந்தால் மதியத்துக்குப் பதிலாக மாலையில் போயிருப்போம். நிறைந்த கடல் இறங்கி மறுபடி நிறைவதற்கு ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம் ஆகும், அதனால் நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். போன வாரம் பார்த்த நேரம் இந்த வாரத்துக்கு உதவாது.

கடல் உள்ள ஊர் என்றால் இனி எனக்கு ரயில் நேரத்துக்கு முன் ஓத நேரம்தான். குளிக்க இறங்குகிறவர்களுக்கு இன்னும் அவசியம். கேம்பர் மணற்கரையில் கடல் வெகுதூரம் உள்வாங்கும். மணல் திட்டில் விளையாடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். மேலே சிவப்பு, கீழே மஞ்சள் கொடி. அந்தக் கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள்.

1 ஜூன்

கேட்டவர் ரை போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். படித்துச் சந்தோஷமாக இருந்தது. அவர் மாமனார் தூத்துக்குடிப் பக்கம். கடல் விலகிப்போன கதையைச் சொன்னதும் "நம்ம கொற்கை மாதிரி" என்றாராம். அப்புறம் தேவாலயத்தில் பெண்டுலத்தின் கீழே உட்கார்ந்து எழுந்திருக்கவே மாட்டேன் என்றிருக்கிறார்.

அவர்கள் ரையிலிருந்து 102ஆம் எண் பஸ்ஸில் கேம்பரும் போய்வந்திருக்கிறார்கள். "ஒரு நாளுக்கு ஒரு ஊர் என்றீர்களே, இரண்டு ஆகிவிட்டதே?" என்று கேட்கிறார். யோசித்துப் பார்த்தேன். அவர் செய்தது சரி. கால் மணி பஸ்ஸில் மணற்கரை, இரண்டும் ஒரே மண். அந்தக் கடல் விலகிப்போன இடம்தான் அது. ஊர் எண்ணிக்கையைச் சொன்னதைவிட, நடுவில் எத்தனை நேரம் சீட்டில் உட்கார்கிறோம் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். என் விதியை அப்படித் திருத்திக்கொள்கிறேன்: ஊரை அடைந்த பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்காராத நாள்.

2 ஜூன்

குழந்தைகளுக்கென்று கேட்ட இன்னொருவருக்கு: சவுத்எண்ட் பாலம். ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டிலிருந்து ஒரு மணி நேரம். கடலுக்குள் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிற பாலம், அதன் மேலேயே குட்டி ரயில் ஓடுகிறது. போகும்போது நடை, வரும்போது ரயில்.

ரயில் பைத்தியம் என்றால் கெண்ட்டில் ஹைத். ஃபோக்ஸ்டோன் வரை ரயில், பிறகு பஸ். 1927இல் திறந்த நீராவி ரயில், தண்டவாளத்தின் அகலம் 15 அங்குலம்தான். பெரியவர்கள் முழங்காலை மடக்கித்தான் உட்கார முடியும். டன்ஜனஸ் வரை 21 கிலோமீட்டருக்கு மேல். போய் இறங்கினால் மரமே இல்லாத கூழாங்கல் வெளி, அணுமின் நிலையம், இரண்டு கலங்கரை விளக்கம். என் மகன் அங்கே இறங்கியதும் "இது நிலாவா?" என்று கேட்டான்.

15 ஜூன், ஞாயிறு

இன்றைய அனுபவம், மற்றவர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க. திரும்பும் வழியில் பாதைப் பராமரிப்பு வேலை, ரயிலுக்குப் பதில் பஸ் என்று இறக்கிவிட்டார்கள். பஸ் ஐம்பது நிமிடம் கழித்து வந்தது. நிழலில்லாத வாசலில் ஒரு வயதான அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார், எங்கள் தண்ணீரைக் கொடுத்தோம். எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல ஆள் இல்லை. இந்த வேலைகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் அதிகம், முன்கூட்டியே அறிவிப்பார்கள். வியாழக்கிழமை ஒரு தடவை, கிளம்பும் காலை ஒரு தடவை பாருங்கள். தாமதத்துக்குப் பணம் திரும்பக் கேட்கலாம், டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முடிந்தால் சனிக்கிழமையே போங்கள். ஞாயிறு காலை தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். பப்பிலும் சமையலறையைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

6 ஜூலை

அப்பா வந்திருக்கிறார். நேற்று பிரைட்டன் கூட்டிப்போனேன். ராயல் பெவிலியன் அரண்மனையின் வெங்காயக் குவிமாடங்களைப் பார்த்து "இது என்ன, நம்ம ஊர்க் கட்டடமா?" என்றார். முதல் உலகப்போரில் 1914 கடைசியிலிருந்து 1916 தொடக்கம் வரை காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அதுதான் ஆஸ்பத்திரி என்று சொன்னேன். அவரவர் ஆசாரப்படி ஒன்பது சமையலறை, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குழாய்.

பிறகு பேட்சம் வரை டவுன் பஸ்ஸில் போய், மேலே குன்றுக்கு ஏறினோம். இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்களை எரித்த இடத்தில் சத்திரி என்று வெள்ளைப் பளிங்கில் ஒரு நினைவுமண்டபம், 1921இல் திறந்தது. எட்டுத் தூண், ஒரு குவிமாடம், சுற்றிலும் ஆடு மேய்கிற புல்வெளி. கடல் தூரத்தில் ஒரு கோடு.

எங்களைத் தவிர யாருமில்லை. பக்கத்தில் 2010இல் வைத்த சுவரில் 53 பெயர்கள் செதுக்கியிருக்கிறார்கள். அப்பாவுக்குக் கண்ணாடி போட்டும் எழுத்து சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பெயராக விரலால் தடவித் தடவிச் சத்தமாகப் படித்தார். நடுவில் நான் உதவப் போனபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஐம்பத்து மூன்றும் முடிய இருபது நிமிடம் ஆனது. இறங்கும்போது எதுவும் பேசவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, "இவங்க வீட்டுக்கெல்லாம் எப்படிச் சொல்லியிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

7 ஜூலை

வழி கேட்டவருக்கு: பேட்சமிலிருந்து ஏ27 நெடுஞ்சாலையைக் கடந்து குன்றுப்பாதை. ஒரு வழி முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், அப்பா 71 வயதில் நிதானமாக ஏறினார். மேலே கடை, கழிப்பறை, நிழல் எதுவும் இல்லை. தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் உள்ள கேட்டுகளைத் தாண்டியதும் மூடிவிடுங்கள், ஆடுகள் வெளியே வந்துவிடும்.

25 அக்டோபர்

இன்று இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். நாளை முதல் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், டிசம்பரில் நாலுக்கு முன்பே. இனி நீண்ட நடை வேண்டாம். ஊருக்குள் சுற்றுகிற இடங்களாகப் பாருங்கள், காலை எட்டு மணி ரயிலையே பிடியுங்கள்.

அப்பா நாளை மறுநாள் கிளம்புகிறார். இன்று கடைசியாக எங்கே போகலாம் என்று கேட்டேன். மறுபடியும் ரை என்றார். இப்போது ஆஷ்ஃபோர்டில் சின்ன ரயிலுக்காக நிற்கிறோம், இன்னும் பதினொரு நிமிடம் இருக்கிறது.